வெற்றி என்று வரும் மெயில்

அன்புள்ள சார்,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஐ.டி. பார்க்கிறேன். நானும் ஒரு உதவியாளரும்தான். 6 சர்வர், 140 கம்ப்யூட்டர். இரவு 11 மணிக்கு பேக்கப் ஓடி நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) சேரும். காலையில் 'வெற்றி' என்று மெயில் வரும். நேற்று கணக்குப் பிரிவில் ஒரு ஃபைலைத் தவறுதலாக அழித்துவிட்டார்கள். பேக்கப்பில் எடுக்கப் போனால் ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. 8 மாதமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. டிஸ்க் நிறைந்ததால் டி டிரைவிலிருந்து ஈ டிரைவுக்கு கணக்குப் பிரிவின் ஃபைல்களை மாற்றியதும் அப்போதுதான். இன்னொரு நாஸ் வாங்கினால் சரியாகுமா? முதலாளி "ஒண்ணு இருக்குதுல்ல?" என்கிறார்.

க.

அன்புள்ள க.,

முதலாளி சொல்வது சரி. இப்போது இன்னொரு நாஸ் வாங்கினால் அதே காலி ஃபோல்டர் இரண்டு இடத்தில் இருக்கும்.

உங்கள் பேக்கப் மென்பொருள் பொய் சொல்லவில்லை. டி டிரைவை எடு என்றீர்கள், எடுத்தது. பழைய இடத்தில் பெயர் மட்டும் மிஞ்சிய ஃபோல்டரையும் ஒழுங்காக எடுத்து வைத்தது. கொடுத்த வேலை முடிந்தது என்பதுதான் அந்த 'வெற்றி'க்குப் பொருள். டேட்டா திரும்பக் கிடைக்கும் என்பதல்ல. அதனால் மெயிலில் அந்தச் சொல்லைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள். ஒவ்வொரு வேலையும் எத்தனை ஜி.பி. எடுத்தது என்று தினமும் ஒரு எக்செல்லில் குறித்துவந்தால் போதும். 8 மாதம் முன்பு ஒரு நாள் அந்த எண் சரிந்திருக்கும். மறுநாள் காலையே கேள்வி வந்திருக்கும்.

மெயில் வராததும் ஒரு செய்திதான். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் கோடு சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். சுமார் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி.தான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால் அதுவும் இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவி 9.2. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களோ முறையான டிஜிட்டல் கையொப்பம் இல்லாததால் பெறும் சர்வரிலேயே நிராகரிக்கப்பட்டன. வேறு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலையின் நகல்) கைகொடுத்தது. அதையும் மெதுவான டிஸ்கிலிருந்து நகலெடுக்க வேண்டியிருந்ததால் தளம் எழ ஏறக்குறைய ஒரு நாள் ஆனது. நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது. பாராட்ட வேண்டிய விஷயம்.

நீங்கள் மாதம் ஒரு முறை திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். எதை எடுப்பது என்பதை நீங்கள் முடிவுசெய்யாதீர்கள், இருக்கும் என்று தெரிந்ததையே எடுப்பீர்கள். கணக்குப் பிரிவில் ஒருவரைக் கேளுங்கள்: "போன மாதம் 14ஆம் தேதி இருந்த ஃபைல் எது வேண்டும்?" அதை வேறொரு ஃபோல்டரில் இறக்குங்கள், மூலத்தின்மேல் எழுதாதீர்கள். அவரே திறந்து, கடைசி இன்வாய்ஸ் எண் சரியா என்று சொல்லட்டும். தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் குறியுங்கள்.

எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இருந்தால் 'வெரிஃபை ஒன்லி' கட்டளையோடு திருப்திப்பட வேண்டாம். பேக்கப் ஃபைல் முழுசாக, படிக்கும் நிலையில் இருக்கிறதா என்பதற்குமேல் அது அதிகம் சொல்லாது. வேறு பெயரில் ரெஸ்டோர் செய்து, அதன்மேல், டேட்டாபேஸின் உள்ளே பழுது இருக்கிறதா என்று பார்க்கும் 'செக் டிபி' கட்டளையை ஓட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு சர்வரை முழுதாக எழுப்புங்கள். ஆபீஸ் நெட்வொர்க்கில் இணைக்காத தனி விர்ச்சுவல் சுவிட்சில் (மென்பொருளிலேயே உருவாக்கும் இணைப்பு). இல்லையென்றால் ஒரே பெயரும் ஒரே ஐ.பி.யுமாக இரண்டு சர்வர்கள் மோதும், பகல் 12 மணிக்கு ஆபீஸே நிற்கும். பேக்கப்பைப் பூட்டிவைக்கும் என்க்ரிப்ஷன் பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். பல இடங்களில் அது பேக்கப் ஆகும் அதே சர்வரில் ஒரு எக்செல் ஃபைலில் இருக்கும். பெட்டிக்குள் பெட்டியின் சாவி. அதைக் காகிதத்தில் எழுதி முதலாளி லாக்கரில் வையுங்கள்.

நேரக் கணக்கும் போட்டுப் பாருங்கள். 2 டி.பி. டேட்டா, 1 ஜிகாபிட் லைன், நொடிக்கு 110 எம்.பி. என்றால் சுமார் 5 மணி நேரம். ஆனால் லட்சக்கணக்கான சின்ன ஃபைல்கள் இருந்தால் வேகம் 30 எம்.பி.க்கு இறங்கிவிடும், அப்போது பதினெட்டரை மணி நேரம்.

இந்த எண்ணோடு முதலாளியிடம் போங்கள். நாஸ் பற்றிப் பேச வேண்டாம், இரண்டு கேள்விகள் போதும். ஷிப்மென்ட் டாக்குமென்ட் எத்தனை மணி நேரம் நிற்கலாம்? எத்தனை மணி நேர என்ட்ரியைத் திரும்பப் போட ஆள் இருக்கிறது? இரவு 11 மணிக்கு பேக்கப் எடுக்கும் இடத்தில் மறுநாள் இரவு 10 மணிக்கு டிஸ்க் போனால் 23 மணி நேர என்ட்ரி போச்சு. இதைக் குறைக்கச் செலவே இல்லை: டேட்டாபேஸை முழு ரெகவரி நிலையில் வைத்து, 15 நிமிடத்துக்கு ஒரு முறை லாக் (மாற்றங்களைப் பதியும் ஃபைல்) பேக்கப் எடுத்து, அதே டிஸ்கில் இல்லாமல் நாஸில் போடுங்கள். லாக் பேக்கப்பை மறந்துவிட்டு நிலையை மட்டும் மாற்றினால் லாக் ஃபைல் வளர்ந்து டிஸ்கை நிரப்பிவிடும், ஜாக்கிரதை.

செலவு செய்ய ஒப்புக்கொண்டால் முதலில் நாஸ் வேண்டாம், இரண்டு யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒன்றாக மாற்றி, ஒன்று எப்போதும் கட்டடத்துக்கு வெளியே, கழற்றிய நிலையில். உங்கள் நாஸ் ஆபீஸ் டொமைனில் (எல்லா லாகினையும் ஒரே இடத்திலிருந்து ஆளும் அமைப்பு) சேர்ந்திருந்தால் இன்றே பிரித்து, தனி லாகின் கொடுங்கள். டொமைன் அட்மின் பாஸ்வேர்டு கிடைத்த ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாச மென்பொருள் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் (டொமைனை நடத்தும் சர்வர்கள்) எல்லாம் அழிந்து, கானாவில் ஒன்று மட்டும் தப்பியது. காரணம், அந்த நேரம் அங்கே கரண்ட் இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அழிந்த அந்த ஃபைலுக்கு வருகிறேன். ஈ டிரைவில் ஷேடோ காப்பி (விண்டோஸே ஃபைல்களின் பழைய நிலையைச் சேமிக்கும் வசதி) ஓடுகிறதா பாருங்கள். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'முந்தைய பதிப்புகள்' பக்கத்தைத் திறந்தால் தெரியும். இல்லையென்றால் அந்த டிரைவில் யாரும் எதையும் சேமிக்காமல் நிறுத்திவிட்டு, ரெகவரி மென்பொருளை வேறு டிஸ்கிலிருந்து ஓட்டுங்கள். மாதச் சோதனையை அடுத்த வாரம் தொடங்கலாம், இது இன்றைக்கே.