பக்கத்து மனையில் நாலு மாடி: டேப்பை எங்கே வைப்பது?

சென்னை நங்கநல்லூரிலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: “பக்கத்து வீட்டை இடித்துவிட்டார்கள். ஒரு கிரவுண்டில் ஸ்டில்ட் பிளஸ் நாலு (கீழே வண்டி நிறுத்தத் தூண் தளம், மேலே நாலு மாடி), எட்டு ஃபிளாட் வருகிறதாம். எங்கள் தெரு முப்பதடிதான். உயரத்துக்குக் கட்டுப்பாடே கிடையாதா?”

உண்டு, அம்மா. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர், அதாவது அறுபதடி வரை சாதாரணக் கட்டடம். அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். அதற்கு விதிகள் வேறு. ஸ்டில்ட் பிளஸ் நாலு பெரும்பாலும் அறுபதடிக்குள் அடங்கிவிடும். அதனால் உயரத்தை வைத்து மட்டும் சண்டை போட்டால் தோற்றுப்போவீர்கள். பார்க்க வேண்டியது எஃப்.எஸ்.ஐ. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற கணக்கு அது.

சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2. உங்கள் பக்கத்து மனை 2,400 சதுர அடி, 4,800 கட்டலாம். அரசுக்குக் கட்டணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கினால் இன்னும் 30 சதவீதம் சேர்ந்து 6,240 ஆகும். ஆனால் அதற்குத் தெரு குறைந்தது 9 மீட்டர் இருக்க வேண்டும். 9 மீட்டர் என்பது இருபத்தொன்பதரை அடி. உங்கள் தெரு பத்திரத்தில் முப்பதடி, தரையில் எவ்வளவு? ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். இரண்டு மூன்று இடங்களில் அளந்து குறித்து வையுங்கள். இருபத்தெட்டடிதான் தேறுகிறது என்றால், அந்தக் கூடுதல் 1,440 சதுர அடி எப்படி வந்தது என்று எழுத்தில் கேட்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அதே 6,240 சதுர அடியை மூன்று மாடியில் அடக்கினால் தளத்துக்கு 2,080; மண் தெரிய இடமே இருக்காது. நாலு மாடியில் 1,560. ஐந்து மாடியில் 1,248. மனையில் ஏறக்குறையப் பாதி திறந்து கிடக்கும், உங்கள் ஜன்னலுக்கும் காற்று வரும். உயரத்தை வெட்டினால் நெருக்கம் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். எஃப்.எஸ்.ஐ. மாறாதவரை அது நடக்காது. நகரத்துக்குள் வீடு கட்ட விடாமல் தடுத்தால் அந்த வீடுகள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்தான் போய் முளைக்கும். அந்தச் சதுப்பு எவ்வளவு சுருங்கிப்போயிற்று என்று நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். மெட்ரோ நிலையத்தை ஒட்டி, அகலமான சாலையில் பத்து மாடி எழும்புவதை நான் வரவேற்கிறேன்.

ஆனால் உங்கள் தெருவின் கதை வேறு. எனக்குக் கவலை தண்ணீர்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்ட அளவு. நாலு பேர் இருந்த தனி வீட்டுக்கு 540 லிட்டர். எட்டு ஃபிளாட்டுக்கு 4,320. 9,000 லிட்டர் லாரி ஒன்று வந்தால் இரண்டு நாள்தான் தாங்கும். அந்த லாரி காலையில் தெருவை அடைத்து நிற்கும்போது ஸ்கூல் வேன் எந்தப் பக்கம் போகும்? தனி வீடுகளுக்காகப் போட்ட கழிவுநீர்க் குழாயும் அதே பழைய குழாய்தான். வார்டு கவுன்சிலரிடம் போகும்போது மாடிக்கணக்கை விட்டுவிட்டு இந்தக் கணக்கை எடுத்துப் போங்கள்.

அனுமதி எண் எழுதிய பலகை கட்டுமான இடத்தில் இருக்க வேண்டும். அதைப் படம் எடுத்துக்கொண்டு, அனுமதி கொடுத்தது மாநகராட்சியா, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வா என்று பாருங்கள்; அங்கேயே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வரைபட நகல் கேளுங்கள். அதில் போட்டிருக்கும் பக்க இடைவெளியை உங்கள் மதில் சுவரிலிருந்து அளந்து ஒப்பிடுங்கள். மீறல் இருந்தால் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் வேலையை நிறுத்தச் சொல்ல அதிகாரம் இருக்கிறது. தளம் போடும் முன்பே புகார் கொடுங்கள். பூசி வெள்ளையடித்து ஆள் குடியேறிய பிறகு அசைப்பது கடினம்.

நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று: அஸ்திவாரம் தோண்டும் முன் உங்கள் வீட்டுச் சுவர்கள், தரை, சம்ப் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பின்னால் விரிசல் விட்டால், அது பழையதா புதியதா என்ற கேள்விதான் முதலில் வரும்.