இரட்சிக்கப்பட்ட தேதி தெரியவில்லை, நான் குருடனா?

கேள்வி: போதகர் ஐயா, நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 41. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். கைக்குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம், பதினைந்து வயதில் திடப்படுத்தல் (விசுவாசத்தை நானே அறிக்கையிட்டுச் சபையில் உறுதிப்படும் சடங்கு). ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன். போன மாதம் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் பிரசங்கியார், "நீ இரட்சிக்கப்பட்ட தேதி என்ன?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "அப்படியானால் உன் ஆவிக்குரிய கண் இன்னும் குருடு" என்றார். அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. பைபிளைத் திறந்தால் எழுத்துதான் தெரிகிறது, உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. கண் திறப்பு ஜெபம் என்று ஒன்று உண்டாம். 5,000 ரூபாய் காணிக்கை வைக்கச் சொல்கிறார்கள். நான் குருடன்தானா? இரட்சிக்கப்பட என்ன செய்ய வேண்டும்? வீட்டிலும் நிம்மதி இல்லை. சொத்துப் பிரிவினையில் அண்ணனோடு பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகிறது, அது வேறு விஷயம்.

பதில்: தம்பி, முதலில் அந்த 5,000 ரூபாயைப் பேசி முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். தேவனுடைய வரத்தைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்த சீமோனுக்குப் பேதுரு என்ன பதில் சொன்னார் என்பது அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதைவிடக் கடுமையாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

இனி, நீங்கள் குருடனா என்ற கேள்வி. இதற்கு என் அங்கியின் கதையைச் சொன்னால்தான் சரிப்படும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு வருஷமும் எனக்கும் எங்கள் தெரு சலவைக்கடைக்காரருக்கும் ஓயாத சண்டை. வெள்ளை அங்கியைக் கொடுத்தால் டீக்கறை பிடித்த மாதிரி பழுப்பாகத் திருப்பித் தருகிறார் என்பது என் புகார். அவரும் பாவம், நீலம் போட்டுப் பார்த்தார், சோப்பை மாற்றிப் பார்த்தார். அப்புறம் வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது என்று டாக்டர் சொல்லி ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் கொடியில் தொங்கிய அங்கியைப் பார்த்தேன். பளீரென்று, லேசாக நீலம் பாய்ந்த வெள்ளை. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால் அதே பழைய டீக்கறை. வலது, இடது, வலது என்று மாற்றி மாற்றி மூடிப் பார்த்தபடி கொல்லையில் நின்றேன். என் கண்ணுக்குள் இருந்த லென்ஸ் வருஷக்கணக்கில் மஞ்சளாகிக்கொண்டே வந்திருக்கிறது. மெல்ல மெல்ல நடந்ததால் எனக்குத் தெரியவேயில்லை. ஊரில் இருக்கிற துணியெல்லாம் அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வேதம் சொல்லும் அகக்குருடு பெரும்பாலும் இந்த ரகம்தான். இருட்டில் இருக்கிறோம் என்று தெரிந்தவன் விளக்கைத் தேடுவான். எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று நினைப்பவன் எதைத் தேடுவான்? யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனுக்கு இயேசு கண் கொடுக்கிறார். அந்த அதிகாரம் முடியும்போது வேதம் கரைத்துக் குடித்த பரிசேயர்கள், "நாங்களும் குருடரோ?" என்று கேட்கிறார்கள். நீங்கள் குருடராயிருந்தால் உங்களுக்குப் பாவமிராது, காண்கிறோம் என்று சொல்வதால்தான் உங்கள் பாவம் நிற்கிறது என்கிறார் இயேசு. இப்போது உங்கள் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். "நான் குருடன்தானா?" என்று தூக்கமில்லாமல் கேட்கிறவர் நீங்கள். அந்தப் பரிசேயர்கள் கேட்ட தொனியிலா கேட்கிறீர்கள்? எனக்கு அப்படிப் படவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், விட்டால் மறந்துவிடுவேன். ஏற்காட்டில் நான் ஊழியம் செய்த சபையில் பார்வையில்லாத ஒரு சகோதரர் ஆர்மோனியம் வாசிப்பார். "ஐயா, பாவத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் எப்போதும் எங்களைத்தான் இழுப்பீர்களா?" என்று ஒருநாள் கேட்டார். அன்றைக்குச் சுருக்கென்று தைத்தது. இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று அதே அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இயேசு சொல்லிவிட்டார். அதேபோல, குருடு என்ற சொல்லைப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் எறியவும் நமக்கு உரிமையில்லை. "குருடரான வழிகாட்டிகளே" என்று இயேசு சாடியது வேறு மதத்தாரை இல்லை. வேதத்தைக் கையில் வைத்திருந்த தம் சொந்த ஜனத்தின் போதகர்களை. என்னைப் போன்றவர்களை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, தேதிக்கு வருவோம். தேதி தெரிந்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. மெதடிஸ்ட் சபைகளுக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று இரவு, ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது தன் இருதயம் அனலானது என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஆனால் பவுலின் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு என்ன தேதி? பவுல் அவனுக்கு எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் குறிப்பிடுகிறார். சிறுவயது முதலே வேத எழுத்துக்களை அறிந்தவன் நீ என்கிறார். வீட்டில் பாட்டி சொல்லிக் கொடுத்து வளர்ந்த விசுவாசத்துக்கு யார் தேதி குறிப்பார்கள்? உங்கள் பட்டறையில் வெள்ளிக்கு டச், அதாவது தரம், பார்க்கும்போது, இது எந்தத் தேதியில் சுரங்கத்திலிருந்து எடுத்த வெள்ளி என்று யாராவது கேட்கிறார்களா?

தேதி இருந்தால் மட்டும் கண் முழுவதும் திறந்துவிட்டது என்றும் இல்லை. "குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன்" என்று வரும் அமேசிங் கிரேஸ் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். அதை எழுதிய ஜான் நியூட்டனுக்குத் தேதி உண்டு. 1748 மார்ச்சில் நடுக்கடலில் புயலில் சிக்கி, கப்பல் மூழ்கும் நிலையில் கடவுளைக் கூப்பிட்டார். பிழைத்தார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குத் தலைவராகப் போனார். கடல் தொழிலை விட்டது 1754-ல், அதுவும் உடம்புக்கு முடியாமல் போனதால். அடிமை வியாபாரம் கொடுமை என்று வெளிப்படையாக எழுதி அச்சிட்டது 1788-ல். புயலுக்கும் அந்த எழுத்துக்கும் நடுவே 40 வருஷம். புயல் நாளில் தான் முழு விசுவாசி ஆகிவிடவில்லை என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். கூட்டத்தில் உங்களைக் கேட்ட பிரசங்கியார் அவரைக் கேட்டிருந்தால், தேதியைக் கேட்டுவிட்டுப் பாஸ் போட்டு அனுப்பியிருப்பார்.

யோவான் 9-இல் பார்வை பெற்றவனையே பாருங்கள். கண் திறந்தபோது அவன் இயேசுவின் முகத்தைப் பார்க்கவேயில்லை. கண்ணில் சேற்றைப் பூசி, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவு என்று அனுப்பினார்; போனான், கழுவினான். (2004-ல் எருசலேமில் கழிவுநீர்க் குழாய் வேலை நடந்தபோது அந்தக் குளத்தின் பழைய படிக்கட்டுகள் வெளியே வந்தன.) முதலில் அவனுக்குத் தெரிந்தது "இயேசு என்னப்பட்ட ஒருவர்" என்பது மட்டுமே. விசாரணையில் மடக்கியபோது தீர்க்கதரிசி என்றான். இன்னும் நெருக்கியபோது தேவனிடத்திலிருந்து வந்தவர் என்றான். ஜெப ஆலயத்திலிருந்து துரத்தப்பட்ட பிறகு இயேசு அவனைத் தேடி வந்து பேசியபோதுதான், "ஆண்டவரே, விசுவாசிக்கிறேன்" என்று பணிந்தான். பார்வை வந்தது ஒரு நொடியில். யாரால் வந்தது என்று தெரிய ஒரு முழு அதிகாரம் ஆயிற்று.

இரட்சிக்கப்பட என்ன செய்ய வேண்டும் என்று பிலிப்பியில் ஒரு சிறைச்சாலைக்காரன் பவுலிடம் இதே கேள்வியைக் கேட்டான். கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி என்பதுதான் பதில். நம் பாவங்களுக்காக அவர் சிலுவையில் மரித்தார், உயிர்த்தெழுந்தார், அதனால் தேவன் நம்மை மன்னித்துச் சேர்த்துக்கொள்கிறார் என்பதே சுவிசேஷம். கிருபையினால், விசுவாசத்தைக்கொண்டு, இது நம்மால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு என்கிறது எபேசியர் 2:8. இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம் என்று எனக்குத் தெரியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. என் விசுவாசம் போதுமா, அன்றைக்கு நான் உண்மையாக அழுதேனா, இன்றைக்கு ஏன் ஒன்றும் தோன்றவில்லை என்று நீங்கள் உங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஏற்காட்டிலிருந்து ஒரு டிசம்பர் இரவு ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நாலைந்து தாண்டியிருப்போம், பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஒன்றும் தெரியவில்லையே, பெரிய லைட்டைப் போடேன் என்றேன். டிரைவர் சிரித்துக்கொண்டே ஒரு தடவை போட்டுக் காட்டினார். முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பி நின்றது; எங்கள் வெளிச்சமே பனியில் பட்டு எங்கள் கண்ணில் அடித்தது. "பனியில டிம்மில்தான் போகணும் ஐயா. ரோட்டோரக் கோடு தெரிஞ்சா போதும்" என்றார். அந்தக் கோட்டையே பார்த்தபடி, ஊர்ந்து ஊர்ந்து, அடிவாரம் வந்து சேர்ந்தோம். நீங்கள் இப்போது மனசுக்குள் பெரிய லைட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அணைத்துவிடுங்கள். கோடு என்று நான் சொல்வது இயேசு சொன்னதையும் செய்ததையும். ஒரு நாளைக்கு மாற்கில் பத்து வசனம் போதும், வாய்விட்டு வாசியுங்கள். உள்ளே இறங்கியதா என்று ஒவ்வொரு தடவையும் சோதிக்க வேண்டாம். ஜெபம் நீளமாக வரவில்லை என்றால் எரிகோ சாலையில் உட்கார்ந்திருந்த பர்திமேயுவின் ஜெபம் இருக்கிறது: "தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்." கூட்டம் அதட்டியபோது அவன் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான். உங்களுக்கு என்ன வேண்டும் என்று இயேசு கேட்டதற்கு, பார்வை வேண்டும் என்றான். அவ்வளவுதான் பேசினான்.

தூக்கம் இல்லாமல் ஒரு மாதம் ஓடிவிட்டது என்கிறீர்கள். இதை ஆவிக்குரிய விஷயமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சேலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்ப் பாருங்கள். கண்ணுக்கு நான் டாக்டரிடம் போகவில்லையா?

இனி, கடிதத்தின் கடைசி வரி. அண்ணனோடு பேச்சில்லை, "அது வேறு விஷயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, கடிதம் முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். 1 யோவான் 2:11-ஐ எடுத்து வாசியுங்கள். சகோதரனைப் பகைக்கிறவன் இருளிலே நடக்கிறான், இருள் அவன் கண்களைக் குருடாக்கிவிட்டது என்று இருக்கிறது. அகக்குருட்டுக்குக் காரணம் இன்னதென்று வேதம் இவ்வளவு நேராகச் சொல்லும் இடங்கள் அதிகம் இல்லை. பெத்சாயிதாவில் இயேசு கண் கொடுத்த இன்னொருவனுக்கு முதல் தொடுதலில் மனுஷர் மரங்களைப் போலத் தெரிந்தார்கள். இரண்டாவது தடவை கை வைத்த பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. ஆறு வருஷமாக உங்களுக்கு அண்ணன் எப்படித் தெரிகிறார்? மனுஷராகவா, உங்கள் பாதையை மறித்து நிற்கும் மரமாகவா?

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அண்ணனோடு சமாதானமானால்தான் இரட்சிப்பு என்று நான் விலை பேசவில்லை. இரட்சிப்புக்கு விலை வைத்தால் அந்த 5,000 ரூபாய்க்காரர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? மன்னிப்பை வாங்கிக்கொண்டவனுக்குக் கண் தெளிய ஆரம்பிக்கும்போது முதலில் தெரிவது பக்கத்தில் இருக்கும் ஆள் என்பதைத்தான் சொல்கிறேன். உங்கள் பங்கை விட்டுக்கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. சொத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி ஒருவன் இயேசுவிடமே வந்தபோது, என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று கேட்டுவிட்டார். அந்த வேலையை நானும் எடுக்க மாட்டேன். கணக்கைப் பத்திரம் எழுதுபவரும் வக்கீலும் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் ஒரு சாயங்காலம் போய் அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். சொத்துப் பேச்சு எடுக்க வேண்டாம். யார் பக்கம் நியாயம் என்றும் பேச வேண்டாம்.

சங்கடமாகத்தான் இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு நான் அந்தச் சலவைக்கடைக்குப் போனபோது எனக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. தப்பு என் கண்ணில்தான் என்று சொன்னேன். அவர் இஸ்திரிப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு வருஷமா உங்க அங்கிக்கு நீலம் வாங்கின காசு யார் தருவாங்க ஐயா?" என்றார். கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த கடிதத்தில் தேதி எதுவும் எழுத வேண்டாம். அண்ணி காபி போட்டுக் கொடுத்தார்களா, நீங்கள் குடித்தீர்களா என்று எழுதுங்கள்.