நியூசிலாந்தில் தார் வேட்டைக்கு எந்த பைபாட் நல்லது: ஹாரிஸ் 6-9, ஹாரிஸ் 9-13 அல்லது அட்லஸ்?

தார் என்பது இமாலய மலையாடு. பைபாட் என்பது ரைபிளின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக்கால்; ஹாரிஸ், அட்லஸ் இரண்டும் அதன் வகைகள், எண்கள் கால்களின் உயரம் இஞ்சில். கேட்டவர் தென் தீவில் இருக்கிறார். கையில் .308 போல்ட் ரைபிள், கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் ஸ்டாக் (குழலைத் தாங்கும் உடல்பாகம்). ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், பலரும் 6-9 இஞ்ச் வைத்திருப்பதைப் பார்த்து அதையே வாங்கலாமா என்று கேட்கிறார்.

என் பதில்: ஹாரிஸ் 9-13, அதிலும் எஸ் வரிசை.

ரேஞ்சில் தரை சமம். அங்கே குப்புறப் படுத்துச் சுட 6-9, அதாவது 15 முதல் 23 செ.மீ., தாராளம். மலையில் அப்படி இல்லை. தாரைப் பெரும்பாலும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்ச்சரிவில்தான் பார்ப்பீர்கள். அதைச் சுட உங்கள் பக்கச் சரிவில் தலை கீழ்ப்பக்கமாக இருக்கும்படி படுக்க வேண்டும். முன்னால் தரை இறங்கிக்கொண்டே போவதால் குட்டைக் கால்களை முழுக்க நீட்டினாலும் குழல் நிமிராது. போதாக்குறைக்கு டஸ்ஸாக் புல் வேறு மறைக்கும். அந்த கூடுதல் பத்து சென்டிமீட்டர் இங்கேதான் உதவும். 13.5-27 என்று இன்னும் உயரமான ஒன்றும் உண்டு, உட்கார்ந்தபடி சுடலாம். ஆனால் எடை கூடுதல், முழுக்க நீட்டினால் ஆட்டமும் அதிகம். நான் அதைச் சுமக்கமாட்டேன்.

எஸ் வரிசையில் மேல்பாகம் இரண்டு பக்கமும் சாயும். எல் வரிசையில் சாயாது. விலை வித்தியாசத்தைப் பார்த்து எல் வாங்கிவிடாதீர்கள். மலையில் ஒரு கால் கல்லின் மேலும் மறு கால் குழியிலும்தான் நிற்கும். ரைபிள் 5 டிகிரி சாய்ந்திருந்தால், 300 மீட்டருக்கு ஸ்கோப்பைத் திருத்திச் சுடும்போது குண்டு ஏழு சென்டிமீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் விலகும். ஸ்கோப்பின் குறுக்குக்கோடு நேராக இருக்க வேண்டும் என்றால் சாயும் பைபாட் வேண்டும். சாய்வை இறுக்கும் திருகு சின்னது, குளிரில் கையுறையோடு திருக வராது. அதற்குப் பதில் போடுகிற பாட்லாக் என்ற நெம்புகோலையும் சேர்த்து வாங்கினால் நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் பதறுவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இரண்டுமே தார்தான், ஆனால் இங்கே சொல்வது நம் நீலகிரி வரையாடு அல்ல, அதன் இமாலய உறவுக்காரர். முன்பு இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள், 2005இல்தான் பிரித்தார்கள். இமாலயத் தாரை 1904இல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். அடித்துத் தின்ன இங்கே எந்த மிருகமும் இல்லை, அதனால் பெருகி மலைத் தாவரங்களை மேய்ந்து தீர்க்கிறது. 1993இல் போட்ட கட்டுப்பாட்டுத் திட்டம் எண்ணிக்கை 10,000ஐத் தாண்டக்கூடாது என்கிறது. வேட்டை அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு பகுதி.

சரி, பைபாடுக்கு வருவோம். உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை அந்தப் பிளாஸ்டிக் ஸ்டாக்கைப் பற்றித்தான். குழல் ஸ்டாக்கின் முன்பாகத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். பைபாட் போட்டுத் தோளால் முன்னே அழுத்தும்போது மெல்லிய பிளாஸ்டிக் வளைந்து குழலில் முட்டும், குண்டு இடம் மாறும். வாங்கும் முன்பே சோதிக்கலாம். ரைபிள் காலி என்று உறுதி செய்துகொண்டு, ஸ்லிங் ஸ்டட் (பைபாடை மாட்டும் குமிழ்) இருக்கும் இடத்தை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து அழுத்துங்கள். இன்னொருவர் ஒரு ஐந்து டாலர் நோட்டைக் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே விட்டு இழுத்துப் பார்க்கட்டும். நோட்டு மாட்டிக்கொண்டால் முதலில் ஸ்டாக்கை மாற்றுங்கள். அந்த ஸ்டாக்கில் அட்லஸ் போட்டாலும் ஹாரிஸ் போட்டாலும் ஒன்றுதான்.

அட்லஸ் அருமையான சாமான். சாய்வதோடு இடம் வலமாகவும் திரும்பும், கால்களை 45 டிகிரியில் முன்னும் பின்னும் நிறுத்தலாம். தூரப் போட்டிகளுக்குப் போகிறவர் என்றால் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன். வேட்டைக்கு மட்டும் என்றால் அந்த அதிகப்படிக் காசை தூரம் அளக்கும் நல்ல ரேஞ்ச்ஃபைண்டரில் போடுங்கள்.

எடை உறுத்தினால் ஸ்பார்ட்டன் ஜாவலின் என்ற பைபாடைப் பாருங்கள். கார்பன் ஃபைபர் கால்கள், ஹாரிஸில் ஏறக்குறைய பாதி எடை. காந்தத்தால் ஒட்டும், வேண்டாதபோது கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். மட்டகவுரி முட்புதருக்குள் நுழைந்து போகும்போது ரைபிளின் அடியில் எதுவும் தொங்காமல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று நடந்தவர்களுக்குத் தெரியும். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

மேல்நோக்கிச் சுட வேண்டியிருந்தால் பைபாடை மடக்கிவிட்டு முதுகுப்பையின் மேல் ரைபிளை வையுங்கள். பையில் ஒரு தடவை, பைபாடில் ஒரு தடவை என்று ரேஞ்சில் இரண்டிலும் சுட்டு, குண்டு ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை: ஸ்கோப் குழலைவிட நாலைந்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. படுத்திருக்கும்போது ஸ்கோப்பில் தார் தெளிவாகத் தெரியும், குழலோ முன்னால் இருக்கும் பாறையைப் பார்த்துக்கொண்டிருக்கும். விசையைத் தொடும் முன் தலையைத் தூக்கிக் குழலின் முன்னால் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.