நகவெட்டியைக் கண்டாலே உறுமுகிறாள்!

கேள்வி: அக்கா, நாங்கள் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். காப்பகத்திலிருந்து எடுத்துவந்த எங்கள் நாய் பிரவுனி வீட்டில் எல்லோரிடமும் செல்லம், ஆனால் நகவெட்டியைக் கண்டால் உறுமுகிறாள், நாய்க்குக் குளியல், முடிவெட்டு செய்யும் டாக் பார்லரில் டிரையரைப் போட்டதும் அங்கிருந்த பெண்ணின் கையைக் கவ்வப் போய்விட்டாள். வாயைத் துணியால் கட்டி ஒரேயடியாக முடித்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். தீபாவளிக்குள் குளியல், முடி, நகம் எல்லாம் ஆகவேண்டும்.
- வாசகி, டர்பன்

பதில்: துணிக்கட்டு வேண்டவே வேண்டாம். நாய்க்கு வாயைத் திறந்து மூச்சிரைத்தால்தான் உடம்புச் சூடு தணியும், டர்பன் புழுக்கத்தில் அதைக் கட்டினால் ஆபத்து. கூண்டுபோல இருக்கும் வாய்மூடி கிடைக்கும், அதற்குள் தின்னவும் மூச்சிரைக்கவும் முடியும், ஆனால் அதையும் உள்ளே தீனி வைத்துப் பல நாள் பழக்கிய பிறகே மாட்டுங்கள்.

உறுமினால் அதட்டாதீர்கள். அதட்டினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும், அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிப்பாள். உறுமலுக்கு முன்பே உதட்டை நக்குவாள், தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவாள், கண்வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்து விறைத்து நிற்பாள். அப்போதே கையை எடுத்துவிடுங்கள்.

நகத்துக்கு வருவோம். நகவெட்டியைத் தரையில் வையுங்கள், அவள் பார்த்ததும் வேகவைத்த கோழி ஒரு துண்டு, முதல் நாள் வேலை அவ்வளவுதான். கோழியைக் காட்டிவிட்டு நகவெட்டியை எடுத்தால் கோழியின் மேலேயே சந்தேகம் வந்துவிடும், ஆகவே வரிசை மாறக்கூடாது. அப்புறம் பாதத்தைத் தொட்டு ஒரு துண்டு, விரலை லேசாக அமுக்கி ஒரு துண்டு, நகவெட்டியால் நகத்தைத் தொட்டு மட்டும் ஒரு துண்டு, இப்படியே போய் ஒருநாள் ஒரே ஒரு நகத்தின் நுனி. கறுப்பு நகமென்றால் துளித்துளியாக வெட்டுங்கள், வெட்டிய இடத்தின் நடுவே கறுத்த புள்ளி தெரிந்தால் ரத்தக்குழாய் பக்கத்தில் வந்துவிட்டது, நிறுத்திவிடுங்கள். நகவெட்டியே ஆகாதென்றால் பலகையில் உப்புத்தாள் ஒட்டி முன்னங்காலால் பிராண்டப் பழக்கலாம், சில நாய்களுக்கு அது விளையாட்டு!

குளிக்க வழுக்காத ரப்பர் விரிப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், துவட்டத் துண்டு, டிரையர் வேண்டாம். நக்குவதற்கு பீனட் பட்டர் தடவினால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், அது நாய்க்கு விஷம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், உண்ணி. தடவிக்கொடுக்கும் சாக்கில் தினமும் காது, அக்குள், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். ஈறு வெளுத்து, சோர்ந்து, சிறுநீர் கறுத்தால் உண்ணி கடித்து வரும் பிலியரி நோயாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ரேபீஸ் ஊசியும் தவறக்கூடாது, நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அந்த நோய் இருக்கிறது.

முடி சடையாகிவிட்டிருந்தால் வீட்டில் போராடாமல் கால்நடை மருத்துவரிடம் மயக்கம் கொடுத்துக் கத்தரிக்கச் சொல்லலாம். வீட்டில் கொடுக்கும் பயம் தணிக்கும் மாத்திரையும் அவரே எழுதித் தருவார், நம் மாத்திரையை உடைத்துப் போட்டுவிடாதீர்கள்.

தீபாவளிக் கெடுவா? விட்டுவிடுங்கள். தீபாவளி வெடியை ஒட்டியே நவம்பர் 5 அன்று, இங்கிலாந்து வழக்கமான ‘கை ஃபாக்ஸ்’ நாள் வெடியும் வந்துவிடும், இரண்டும் அடங்கும்வரை புதிதாக எதையும் பழக்காதீர்கள்.