"நான் பொறந்த ஊரு, நானே சான்று இல்லையா?" – விக்கிப்பீடியாவுல புதுசா எழுத வந்தவங்களுக்கு

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். கள்ளக்குறிச்சி மாவட்டத்துல எங்க ஊர் பத்தி தமிழ் விக்கிப்பீடியாவுல ஒரு சின்ன கட்டுரை இருக்கு. அதுல மக்கள்தொகையை மாத்தி, எங்க ஏரி சோழர் காலத்துதுன்னு ரெண்டு பத்தி சேர்த்தேன். ரெண்டே நாள்ல "சான்று இல்லை"ன்னு போட்டு எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. அறுபது வருஷமா அந்த ஊர்ல இருக்கேன், எனக்குத் தெரியாததா? கீழ "சுருக்கம்"னு ஒரு கட்டம் வருதே, அதுல என்ன எழுதணும்?

ஐயா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க எழுதினது எங்கயும் போகல. கட்டுரைக்கு மேல "வரலாறு"ன்னு இருக்கு பாருங்க, அதை அமுக்கினா நீங்க சேர்த்த ரெண்டு பத்தியும் எழுத்து மாறாம அப்படியே இருக்கும், அங்கேருந்து எடுத்து வேலையைத் தொடரலாம்.

உங்களுக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்லல. ஆனா படிக்கிறவருக்கு உங்களைத் தெரியாது, அதுதான் விஷயம். இங்க எழுதுறவர் யாருங்கறதை யாரும் பார்க்கறதில்ல, கல்லூரிப் பேராசிரியர் எழுதினாலும் எட்டாவது படிக்கிற பிள்ளை எழுதினாலும் ஒரே கேள்விதான், இதை நான் எங்க போய் சரிபார்க்கறது? நாளைக்கு வேற ஒருத்தர் வந்து "ஏரி பல்லவர் காலம், நானும் இந்த ஊர்தான்"னு எழுதினா யாரை நம்புறது, சொல்லுங்க.

எனக்குத் தெரிஞ்சு புதுசா வர்றவங்க பத்துல எட்டுப் பேர் முதல்ல மனசுல இருக்கறதை எழுதிட்டு அப்புறம் அதுக்கு ஒரு லிங்க் தேடுறாங்க. அதைத் தலைகீழா செய்யுங்க ஐயா, புத்தகத்தை முதல்ல எடுத்து வச்சுக்கிட்டு அதுல என்ன இருக்கோ அதை மட்டும் உங்க சொந்த நடையில எழுதுங்க (வரியை அப்படியே காப்பி அடிச்சா அது காப்புரிமைப் பிரச்சினை, அதையும் எடுத்துருவாங்க). தேடிப் பிடிச்சு ஒட்டின லிங்க் பெரும்பாலும் நீங்க எழுதினதை சொல்லாது, பக்கத்துல எதையோ சொல்லும்.

உங்க ஏரியையே எடுத்துக்குவோம். உத்திரமேரூர்ல முதலாம் பராந்தகன் காலத்து கல்வெட்டு இருக்கு, கி.பி. 919லயும் 921லயும் வெட்டினது, குடவோலையும் ஏரி வாரியமும் அதுல வருது. அதை சான்றா போட்டு "சோழர் காலத்துல ஏரிகளுக்கு வாரியம் இருந்துச்சு, அதனால எங்க ஏரியும் சோழர் வெட்டினதுதான்"னு எழுதினா நிக்காது. அந்தக் கல்வெட்டு உத்திரமேரூர் சபையைப் பத்தி பேசுது, உங்க ஊரைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. ரெண்டு உண்மையை பக்கத்துல பக்கத்துல வச்சு நாமளா மூணாவது ஒண்ணு கட்டினா அது நம்ம சொந்த ஆராய்ச்சி, விக்கிப்பீடியாவுல அதுக்கு இடம் கிடையாது. உங்க ஊர் கோயில்லயோ மதகுலயோ கல்வெட்டு இருந்து அதை யாராவது படிச்சு பதிப்பிச்சிருந்தா அதுதான் உங்களுக்கு வேணும். இந்தியத் தொல்லியல் துறையோட தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890லேருந்து வந்துட்டு இருக்கு, தமிழ்நாடு தொல்லியல் துறையும் மாவட்ட வாரியா கல்வெட்டுப் புத்தகம் போட்டிருக்காங்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல ஒரு தடவை தேடிப் பாருங்க. உங்க பக்கம் பழைய தென்னாற்காடு ஜில்லா, அதுக்கு பிரான்சிஸ் எழுதின 1906 கெசட்டியர் (அரசாங்கம் போட்ட மாவட்ட விவரப் புத்தகம்) இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கற இணைய நூலகத்துல கிடைக்கும், ஆனா அதுல எடுத்தா "1906 கெசட்டியரின்படி"ன்னு வாக்கியத்துலயே சொல்லிடுங்க, ஏன்னா அது அந்தக் காலத்து அதிகாரி பார்வை, இன்னைக்கு நிலவரம் இல்ல.

மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்போட மாவட்டக் கையேடு இருக்கு, கிராமம் கிராமமா எண்ணிக்கை போட்டிருப்பாங்க. நீங்க கள்ளக்குறிச்சின்னு தேடினா கிடைக்காது, அந்த மாவட்டம் பிரிஞ்சது 2019லதானே, அதனால விழுப்புரம் கையேட்டுல பாருங்க. இப்ப ஆள் கூடியிருப்பாங்கன்னு நீங்க நினைச்சா அது சரியாத்தான் இருக்கும், ஆனாலும் 2011ங்கற வருஷத்தோட அந்த எண்ணைத்தான் போட முடியும்.

பெரியவங்க வாய்வழியா சொன்ன கதை வீணாகணுமான்னா, வேண்டாம். கோயில் தலவரலாறு புத்தகமா அச்சுல வந்திருந்தா "தலவரலாறு இப்படிக் கூறுகிறது"ன்னு எழுதலாம், அதை வரலாற்று உண்மையா எழுதக்கூடாது, அவ்வளவுதான். அச்சுல வரவே இல்லைன்னா அதை முதல்ல ஒரு பத்திரிகைக்கோ வட்டார வரலாற்று இதழுக்கோ எழுதி அனுப்புங்க, நான் மனசாரத்தான் சொல்றேன், அந்த மாதிரி எழுத்து இன்னைக்கு ரொம்பக் குறைச்சல்.

அதோட, ஒரு வெப்சைட் விக்கிப்பீடியாவைப் பார்த்தே எழுதினதான்னு கவனிச்சுக்கங்க. 2008ல அமெரிக்காவுல ஒரு மாணவர் கோவாட்டிங்கற விலங்குக்கு "பிரேசில் ஆர்ட்வார்க்"னு இன்னொரு பேர் இருக்குன்னு ஆங்கில விக்கிப்பீடியாவுல தானா சேர்த்து விட்டார், அதைப் பார்த்து பிரிட்டன் பத்திரிகைகள் அப்படியே எழுத, அப்புறம் அந்தப் பத்திரிகைங்களே அந்தப் பேருக்கு சான்றா ஆயிடுச்சு! நம்ம ஊர் கட்டுரைகள்லயும் இப்படி நடக்குது, கட்டுரையிலேருந்து காப்பி பண்ணின சுற்றுலா வெப்சைட்டை அதே கட்டுரைக்கு சான்றா போட்டிருக்கறதை நான் நிறைய தடவை பார்த்து எடுத்திருக்கேன்.

மேற்கோள்ல ஆசிரியர், புத்தகம், பதிப்பகம், வருஷம் எல்லாம் வரணும், பக்க எண் கண்டிப்பா வரணும். 400 பக்க புத்தகத்தோட பேரை மட்டும் போட்டா யாராலயும் சரிபார்க்க முடியாது. பத்திரிகை லிங்க்னா அது செத்துப் போறதுக்கு முன்னாடி வேபேக் மெஷின்ல (வெப் பக்கங்களோட நகலை வச்சிருக்கிற தளம்) சேமிச்சு வச்சுடுங்க.

இப்ப அந்த சுருக்கக் கட்டம். அண்மைய மாற்றங்கள்னு ஒரு பக்கம் இருக்கு, யார் எதை மாத்தினாலும் அதுல வரிசையா வரும்; அதைப் பார்த்துட்டு இருக்கிற பயனருக்குத் தெரியறது உங்க பேரு, எத்தனை பைட் கூடிச்சுங்கற எண், அப்புறம் இந்த சுருக்கம், வேற பெருசா ஒண்ணும் இல்ல. புதுப் பேரு, எண்ணிக்கை மாறியிருக்கு, சுருக்கம் காலி, இதைப் பார்த்தா அவருக்கு விஷமத்தனம்னு சந்தேகம் வரத்தானே செய்யும்? அதனால "மாற்றம்", "அப்டேட்"னு எழுதாதீங்க, என்ன மாத்தினீங்க, ஏன், எதை வச்சு, இந்த மூணும் வரட்டும். "மக்கள்தொகை 2011 கணக்கெடுப்புப்படி திருத்தம், விழுப்புரம் மாவட்டக் கையேடு"ன்னு போட்டா போதும். முன்னெல்லாம் இதுல 255 பைட்தான் இடம், தமிழ்ல ஒரு எழுத்துக் குறிக்கே 3 பைட் போயிடும், 85 குறியோட முடிஞ்சிடும், பாதி வார்த்தையில நிக்கும். 2018லேருந்து 500 குறி வரைக்கும் எழுதலாம், அதனால கஞ்சத்தனம் வேண்டாம். ஆனா ஒருதடவை சேமிச்சா சுருக்கத்தைத் திருத்த முடியாது, சேமிக்கறதுக்கு முன்னாடி படிச்சுப் பார்த்துடுங்க. சுருக்கத்துல சான்றை சொல்லிட்டோமேன்னு கட்டுரைக்குள்ள விட்டுடக்கூடாது, வாசகர் சுருக்கத்தைப் பார்க்கவே மாட்டார். ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்தா எந்தக் கட்டுரைன்னு இணைப்போட சுருக்கத்துல சொல்லணும், முதல்ல எழுதினவங்க பேரைச் சொல்லணும்ங்கற உரிமத்துக்காகவே அது தேவை. ஆனா உங்க பத்தியை எடுத்தவரோட வாக்குவாதம் பண்ற இடம் இது இல்ல, அதுக்கு கட்டுரையோட பேச்சுப் பக்கம் இருக்கு.

ரெண்டு மாற்றத்தையும் ஒரே சேமிப்புல போட்டதாலதான் ரெண்டும் சேர்ந்து போச்சு ஐயா. இந்த தடவை மக்கள்தொகை வரியை மட்டும் தனியா, கையேட்டோட பக்க எண் போட்டு, சுருக்கம் எழுதி சேமிங்க. ஏரியைப் பத்தின அந்த ரெண்டு பத்தியையும் மணல்தொட்டியில (எழுதிப் பழகற உங்க தனிப் பக்கம்) வச்சுக்கிட்டு புத்தகம் தேடுங்க, கிடைச்சதும் பேச்சுப் பக்கத்துல "இந்தப் புத்தகம், இந்தப் பக்கம், இதை சேர்க்கலாமா"ன்னு கேளுங்க, பதில் வரலைன்னா ஆலமரத்தடியில (எல்லாரும் கூடிப் பேசற விக்கிப்பீடியா பக்கம்) கேளுங்க, அங்க யாராவது கண்டிப்பா வருவாங்க. அதுக்குள்ள ஏரியையும் மதகையும் நல்ல வெளிச்சத்துல நாலு போட்டோ எடுத்து காமன்ஸ்ல (விக்கிப்பீடியாவுக்குப் படம் சேர்த்து வைக்கிற தளம்) ஏத்திடுங்க, நீங்களே எடுத்த போட்டோவுக்குப் புத்தகச் சான்று யாரும் கேட்க மாட்டாங்க.