காவிரி டெல்டா ஊர்ச்சாலைகளில் கார் விபத்துகள் பெரும்பாலும் எதனால் நடக்கின்றன? வெளியூர்க்காரர் எதைக் கவனிக்க வேண்டும்?

சென்னையிலிருந்து குடும்பத்தோடு கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் காரில் வருகிறோம், நானே ஓட்டுகிறேன், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கும்பகோணத்தில் சொந்தக் கார் வைத்துக் கோயில் சவாரி ஓட்டுகிறவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வேகம், குடி, தூக்கம், செல்போன் என்று பொதுக் காரணங்களை யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அது தப்பும் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட விபத்துகளுக்கு அதிவேகம்தான் காரணமாகப் பதிவாகியிருக்கிறது. அந்த ஆண்டு 64,105 விபத்துகளோடு எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. ஆனால் அதிவேகம் என்றதும் 120, 140 என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கத்து ஊர்ச்சாலையில் ஆளைக் கொல்ல 70 போதும்.

நான்குவழிச் சாலையில் இரண்டு மணி நேரம் 100இல் வந்துவிட்டு ஆற்றங்கரைச் சாலைக்குள் திரும்பினால், 60இல் போவதே ஊர்வது மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் உங்கள் உணர்வை நம்பாதீர்கள், மீட்டரைப் பாருங்கள். 80இல் போகும் கார் நொடிக்கு 22 மீட்டர் கடக்கும். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு நொடி ஓடிவிடும். அதற்கப்புறம்தான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கும். காய்ந்த ரோட்டில் வண்டி முழுதாக நிற்க ஏறக்குறைய 60 மீட்டர் வேண்டும். 40இல் வந்தால் 20 மீட்டர் போதும். வேகம் பாதியாகிறது, நிற்கும் தூரம் மூன்றில் ஒன்றாகிறது. கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை, கபிஸ்தலம் வழியாகத் திருவையாறு போகும் ரோட்டில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆறு வளைகிற இடத்திலெல்லாம் ரோடும் வளையும். 60 மீட்டர் முன்னால் தெளிவாகத் தெரிகிற இடம் பல வளைவுகளில் கிடையாது.

இங்கே ரோடு வண்டிக்கு மட்டும் போட்டதல்ல. குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபரில் வரும். சம்பா அறுப்பு தை, மாசியில். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கத் தயங்குவார்கள். அதனால் களம் இல்லாத விவசாயி தார் ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைக் கொட்டிக் காய வைப்பார். அவரைத் திட்டிப் பயனில்லை, மழை வருவதற்குள் அவருக்கு அது காய்ந்தாக வேண்டும். ராத்திரியில் படுதா போட்டு மூடிச் சுற்றிலும் கல் வைப்பார்கள். கறுப்புப் படுதா ஹெட்லைட்டில் கடைசி நிமிடத்தில்தான் தெரியும். நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகும் கல் அங்கேயே கிடக்கும். பாதி ரோட்டில் நெல் கிடந்தால் எதிர் வண்டியை முதலில் விட்டுவிட்டுப் போவது நல்லது. உளுந்துச் செடியையோ வைக்கோலையோ பரப்பியிருந்தால், முடிந்தவரை அதன்மேல் ஏற்றாதீர்கள். அது அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும். ஓரமாக இடமே இல்லை என்றால் மெதுவாகக் கடந்துவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள்.

அறுப்புக் காலத்தில் இன்னொன்று, டிராக்டர் டிரெய்லர். பின்விளக்கு எரிவது அபூர்வம். எதிரே வரும் வண்டியின் ஹைபீமில் உங்கள் கண் கூசும் அந்த இரண்டு நொடியில்தான் முன்னால் போகும் டிரெய்லர் காணாமல் போகும். நீங்கள் டிம் அடியுங்கள். அவர் அடிக்காவிட்டால் வேகத்தைக் குறைத்து, ரோட்டின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டுங்கள். கோபத்தில் பதிலுக்கு ஹைபீம் போட்டால் இரண்டு குருடர்கள் எதிரெதிரே வருவதுதான் நடக்கும்.

நாற்று நடவுக் காலத்தில் வயலிலிருந்து ஏறும் டிராக்டர், சக்கரத்துச் சேற்றையெல்லாம் ரோட்டில் உதறிவிட்டுப் போகும். அதன்மேல் தூறல் விழுந்தால் பிரேக் பிடிக்காது, வழுக்கும். மழைக்கால ராத்திரியில் மாடுகள் ஈர மண்ணை விட்டு ரோட்டில் வந்து படுத்துக்கொள்ளும். அறுப்பு முடிந்த வயலுக்கு வாத்து ஓட்டி வருகிறவர்கள் நூற்றுக்கணக்கில் குறுக்கே கடத்துவார்கள். ஹாரன் அடித்தால் அவை கலைந்து எல்லாப் பக்கமும் ஓடும், காத்திருங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அதற்குச் சில நாள் முன்பிருந்தே காவி உடுத்தி நடந்து போகிறவர்கள் ராத்திரியிலும் ரோட்டோரம் வரிசையாகப் போவார்கள்.

சரி, என் தொழிலில் நான் அதிகம் பயப்படுவது ஒரே நாளில் நவக்கிரகம் பார்க்கும் சவாரிக்குத்தான். மேற்கே திங்களூர், கிழக்கே பூம்புகார் பக்கத்தில் கீழப்பெரும்பள்ளம், அதற்குத் தெற்கே காரைக்கால் எல்லைக்குள் திருநள்ளாறு. மத்தியானம் நடை சாத்திவிட்டால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். நடை சாத்துவதற்குள் இன்னும் ஒரு கோயில் என்று பதினொரு மணிக்கு மேல் ஓட்டுகிற ஓட்டம் இருக்கிறதே, ஓவர்டேக் எல்லாம் அப்போதுதான் கண்மண் தெரியாமல் நடக்கும். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், சனி பகவான் கோபித்துக்கொள்ள மாட்டார். சென்னையில் நடுராத்திரி கிளம்பி விடியற்காலை இங்கே சேரும் திட்டமும் வேண்டாம். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும். கண் சொருகினால் டிகிரி காபி குடித்துவிட்டு உடனே ஓட்டாதீர்கள். காபி வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். அதுவரை சீட்டைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்குங்கள்.

சீட் பெல்ட் பின்சீட்டுக்கும் சட்டப்படி உண்டு, ஆயிரம் ரூபாய் அபராதம். குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காரவே வேண்டாம், ஏர்பேக் விரியும் வேகமே போதும்.

கடைசியாக வாய்க்கால். ரோட்டோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டி, தண்ணீரில் ஆகாயத்தாமரை படர்ந்திருந்தால் தரை எங்கே முடிகிறது என்று தெரியாது. பஸ்ஸுக்கு வழிவிடும்போது இடது சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டால் ஸ்டியரிங்கை வலது பக்கம் வெடுக்கென்று திருப்பாதீர்கள். வண்டி எகிறி எதிர்ப்பக்கம் பாயும், இல்லாவிட்டால் சுழன்று வாய்க்காலில் இறங்கும். ஆக்ஸிலேட்டரை விட்டு, நேராகப் பிடித்து, வேகம் குறைந்த பிறகு ஏற்றுங்கள்.

தண்ணீரில் விழுந்தே விட்டால் கதவோடு மல்லுக்கட்ட வேண்டாம், வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் திறக்காது. பெல்ட்டைக் கழற்றி, உடனே பக்கவாட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். பவர் விண்டோ கொஞ்ச நேரம் வேலை செய்யும். பிள்ளைகளை முதலில் வெளியே விடுங்கள். கண்ணாடி இறங்காவிட்டால் அதன் மூலையில் உடைக்க வேண்டும். முன் கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் வைத்து ஒட்டிய கண்ணாடி, விரிசல் விடுமே தவிர லேசில் உடையாது, அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியல் கடையில் கிடைக்கிறது, டிக்கியில் போடாமல் கை எட்டும் இடத்தில் வையுங்கள். அது இல்லாதபோது ஹெட்ரெஸ்ட் கம்பி உதவும். ஆனால் எல்லா காரிலும் அது கழற்ற வராது, கிளம்புவதற்கு முன் உங்கள் காரில் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.