வீட்டை விற்கச் சொல்லி வரும் கடிதங்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: விற்கும் எண்ணமே இல்லாத எங்கள் வீட்டுக்கு மூன்று மாதங்களாக ஒரே தரகரிடமிருந்து கடிதங்கள் வருகின்றன. நீல மையில் கையால் எழுதியவை போலத் தெரிகின்றன. “உங்கள் தெருவிலேயே வீடு வேண்டும் என்று ஒரு குடும்பம் காத்திருக்கிறது, பணமும் தயார்” என்கிறார். சென்ற வாரம் தொலைபேசியிலும் அழைத்தார். உண்மையிலேயே அப்படி ஒரு குடும்பம் இருக்குமா?

பதில்: இருக்கலாம். ஆனால் அதே குடும்பம் உங்கள் தெருவின் அத்தனை வீடுகளுக்காகவும் காத்திருக்கிறதா என்பதை முதலில் அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். கையெழுத்தைப் போன்ற எழுத்துருவில் நூற்றுக்கணக்கான கடிதங்களை ஒரே நாளில் அச்சிட்டுவிட முடியும் என்பதால், நீல மையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். விற்பனைக்கு ஒரு வீடு கைக்கு வந்துவிட்டால், தரகர் அதைக் காட்டி விளம்பரம் செய்யலாம், வாசலில் தம் பெயர்ப் பலகையை மாட்டலாம், அந்த வீட்டைப் பார்க்க வந்து பிடிக்காமல் திரும்புகிறவர்களை வேறு வீடுகளுக்கு அழைத்துப் போகலாம். அதனால்தான் அவர்கள் வாங்குபவரைவிட விற்பவரையே அதிகமாகத் தேடுகிறார்கள். ஒரு தெருவையோ குடியிருப்பையோ தமக்கென்று வரித்துக்கொண்டு, யாராவது ஒருவர் விற்க முன்வரும்வரை மாதந்தோறும் கடிதம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளின் தரகர்கள் இதை ‘விவசாயம்’ என்றே குறிப்பிடுகிறார்கள், பொருத்தமான சொல்தான்.

விற்கும் எண்ணம் உங்களுக்கு இல்லாதவரை பதில் சொல்லவே தேவையில்லை. ஒருவேளை பின்னால் மனம் மாறினால், அவருக்கு இப்படி எழுதுங்கள்: “நீங்கள் சொன்ன குடும்பத்துக்கு மட்டும், இத்தனை நாளுக்குள், வீட்டைக் காட்டச் சம்மதிக்கிறேன், விற்பனை அவர்களோடு முடிந்தால் மட்டுமே தரகுத் தொகை உண்டு, வேறு எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட மாட்டேன்.” குடும்பம் மெய்யானால் அவர் விரைவில் அழைத்து வருவார். இல்லையென்றால், “அவர்கள் நேற்றுதான் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் நீங்கள் விற்க நினைத்துவிட்டதால் விளம்பரம் செய்து பார்ப்போமே” என்பார். இந்த ஒரு வரியைச் சொல்வதற்காகவே அத்தனை கடிதங்களும் எழுதப்பட்டிருக்கும்.

கேள்வி: வீட்டை விற்க முடிவு செய்து மூன்று தரகர்களிடம் இலவச மதிப்பீடு கேட்டோம். இருவர் ஏறத்தாழ ஒரே தொகையைச் சொன்னார்கள். மூன்றாமவர் அதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சொல்கிறார். அவரிடமே ஒப்படைக்கலாம் என்கிறார் என் கணவர். சரிதானா?

பதில்: உங்கள் கணவரின் ஆசை இயல்பானது, அந்தத் தரகர் நம்பியிருப்பதும் அதைத்தான். வீட்டை வாங்கப்போவது அவர் அல்லர். ஆகவே எவ்வளவு உயர்ந்த விலையைச் சொன்னாலும் அவருக்கு நட்டமில்லை. கையெழுத்தான சில வாரங்களில் “வந்து பார்த்தவர்கள் எல்லோரும் விலை அதிகம் என்கிறார்கள்” என்று தொடங்குவார், பிறகு சந்தை மந்தம் என்பார், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைக்கச் சொல்வார். நெடுநாள் விலைபோகாமல் கிடக்கும் வீட்டில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று வாங்குபவர்கள் சந்தேகப்படத் தொடங்குவார்கள். கடைசியில் மற்ற இருவரும் சொன்ன தொகைக்கும் கீழே போய் நிற்க நேரலாம். ஆகவே மூவரிடமும், பரப்பிலும் வயதிலும் உங்கள் வீட்டை ஒத்த வீடுகள் கடந்த ஆறு மாதங்களில் என்ன விலை கேட்டு, என்ன விலைக்கு முடிந்தன என்று எழுத்தில் கேளுங்கள். மதிப்பீட்டுக்கு அடிப்படை இருந்தால் இந்தக் கேள்விக்கு யாரும் கோபப்பட மாட்டார்கள்.

தரகுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். விலை 100, தரகு 2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பொறுமையாகக் காத்திருந்து 105க்கு விற்றால் கூடுதல் 5இல் ஏறத்தாழ முழுவதும் உங்களுக்கு. தரகருக்குக் கிடைப்பதோ வெறும் 0.1. அதற்காக அவர் இன்னும் சில வாரங்கள் அலைவாரா? ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்னும் பொருளியலாளர்கள் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் ஏறத்தாழ 1,00,000 வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் கட்டுரை வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, வாடிக்கையாளர் வீடுகளைவிட ஏறத்தாழ 10 நாள் அதிகம் காத்திருந்து, 3.7 விழுக்காடு கூடுதல் விலை பெற்றார்கள் என்று அதில் கண்டார்கள். “இந்த விலையை விட்டால் இனி வராது” என்று உங்களிடம் சொல்கிறவர், தம் வீடாக இருந்தால் பொறுத்திருப்பார்.

கேள்வி: “இந்தப் பகுதிக்கு யார் யாரோ குடிவரப் போகிறார்கள்; இப்போது விற்காவிட்டால் விலை சரிந்துவிடும்” என்று ஒரு தரகர் வீடு வீடாகச் சொல்லி வருகிறார். அவசரப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்க நகரங்களில் இதே பேச்சு பெரிய வணிகமாக நடந்தது. கறுப்பினக் குடும்பங்கள் வரப்போகின்றன என்று வெள்ளையர்களை அச்சுறுத்தி, அவர்கள் பதறி விற்ற வீடுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, வேறெங்கும் வீடு கிடைக்காத கறுப்பினக் குடும்பங்களுக்கே மிக உயர்ந்த விலைக்கு விற்றார்கள். பலர் ஒரே நேரத்தில் விற்றதால்தான் விலை சரிந்தது. அந்தச் சரிவையே தங்கள் வாக்குக்குச் சான்றாகவும் காட்டினார்கள். 1968இல் வந்த நியாய வீட்டுவசதிச் சட்டம் இதைத் தடை செய்தது. உங்களிடம் அப்படிப் பேசுகிறவரிடம், விலை சரியப்போகும் பகுதியில் அவர் ஏன் இத்தனை வீடுகளைக் கேட்டு அலைகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒரு தரகருடன் ஆறு மாத ஒப்பந்தம் போட்டேன். அவர் யாரையும் அழைத்து வரவில்லை. இப்போது என் பெரியப்பா மகனே வாங்குகிறேன் என்கிறார். தரகரோ தமக்கு முழுத் தொகையும் வேண்டும் என்கிறார். கொடுத்தாக வேண்டுமா?

பதில்: ஒப்பந்த வாசகத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. சில ஒப்பந்தங்களில் தரகர் அழைத்து வந்தவர் வாங்கினால் மட்டுமே தொகை சேரும். வேறு சிலவற்றில், அந்தக் காலத்துக்குள் யார் வாங்கினாலும், உங்கள் உறவினரே வாங்கினாலும், சேரும். காலம் முடிந்த பிறகும் சில மாதங்களுக்கு அவர் உரிமை கோரலாம் என்ற விதியும் கடைசிப் பக்கத்தில் இருக்கக்கூடும். இரண்டாவது வகை என்றால், உறவினருக்கு விற்பதற்குத் தரகரிடம் குறைந்த தரகுத் தொகை பேசி, அதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பத்திரப் பதிவுக்குப் போங்கள். இதைப் படிப்பவர்களில் இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவர்கள், வாங்கக்கூடும் என்று நினைக்கும் உறவினர், அண்டை வீட்டார் பெயர்களை ஒப்பந்தத்திலேயே எழுதி விலக்கு வாங்கிவிடலாம்.